மகிமைதாஸ் இறங்கிய இடம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை. ஒரு பொம்பளையுடைய மண்டைக்குள்ளேயே நடந்து முடிந்த கதை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. தென்காசியில் ரயில் ரோட்டை ஒட்டின ஒரு வீட்டுப் புறவாசலில் ஒரு பெரியம்மா பச்சப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பிள்ளை அழுதது, ரயில் போனது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு குளிப்புக்குள்ளே அவள் எத்தனை பேரைக் கொன்றாள், யாரைக் கொல்லாமல் விட்டாள் என்று கேட்டால் அதற்குத்தான் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பேர் செண்பகவடிவு. ஊரில் வடிவு என்பார்கள். பஸ் ஸ்டாண்டு கடைகளில் மாதாமாதம் கிளிப்பு மாட்டித் தொங்குமே, டிக்கெட் பரிசோதகர் மகிமைதாஸ் துப்பறியும் கதை, அதை எழுதுகிறவள் அவள்தான். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தங்கச்சி ஆவுடை செத்துப்போனதால் ஆவுடையின் மகள் கோமு பிரசவத்துக்குப் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. கோமுவால் குனிய முடியாது. தினமும் வந்து குளிப்பாட்டுகிற இசக்கியம்மா அன்றைக்குத் துஷ்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டாள். "பெரியம்ம, ஒரு நாள் குளிக்காட்டி என்ன, துடைச்சு விட்டுருவோமா" என்றாள் கோமு. "ஏன், எனக்குக் கையில்லையா?" "கை இருக்கு. நீங்கதான் இருக்க மாட்டிய. நேத்து அடுப்புல பாலை வச்சிட்டு யாருக்கோ விஷம் வச்சிக்கிட்டு நின்னியளே, பாலு பொங்கிப் பூனைக்குப் போச்சு." "விஷம் வச்சது பாயசத்துல" என்றாள் வடிவு, "பிள்ளையக் கொண்டா." கோமு சிரித்துக்கொண்டே பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பு வடிவுக்குப் பிடிக்கவில்லை. நம்பிச் சிரிக்கிறாள். வீட்டில் இருக்கிறவர்கள் எப்போதும் நம்பிச் சிரிக்கிறார்கள், எல்லாக் கதையிலும் முதல் அத்தியாயத்தில் அப்படித்தான், யாராவது ஒருத்தி சிரித்துக்கொண்டே உள்ளே போவாள்.

பலகையைப் போட்டு, சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிச் செருகி, இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துவைத்து அதன் பள்ளத்தில் பிள்ளையைக் கிடத்தினாள். வலப்பக்கம் செங்கல் அடுப்பில் அண்டா. சிரட்டை போட்டு எரித்த வெந்நி தளதளவென்று கொதிக்கிறது. இடப்பக்கம் வாளியில் பச்சைத்தண்ணீர் கலந்து விளாவி வைத்த தண்ணீர். இசக்கியம்மா சொல்லிக்கொடுத்தபடி முழங்கையை விட்டுப் பார்த்தாள், சரியான பதம். கிண்ணத்தில் எண்ணெய், கிண்ணத்தில் பயத்தமாவு. எல்லாம் இருக்கிறது. ஒரு கொலைக்கு வேண்டிய சாமான்களை எடுத்துவைக்கிற மாதிரி வரிசையாக வைத்திருக்கிறோமே என்று தோன்றியது, உடனே அந்த நினைப்பைக் காறித் துப்புகிற மாதிரி தலையை ஆட்டினாள். எண்ணெயைத் தொட்டு மார்பில் தடவினாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத மார்பு. எலும்பு எங்கே இருக்கிறது, இருக்கிறதா, அழுத்தினால் குருவிக்கூடு மாதிரி, சீ, மெல்ல, மெல்லத் தடவு. தணிகாசலம் போன் பண்ணுவான். மெட்ராஸில் புஸ்தகம் போடுகிறவன், தன் அப்பன் காலத்திலிருந்து இவள் கதையைப் போடுகிறவன். நேற்றுச் சாயந்தரம் சொன்னான்: "அம்மா, ஆம்பளைங்களையே கொன்னு கொன்னு ஜனங்களுக்குச் சலிச்சுப்போச்சு. அவனவன் போன்லயே ரத்தம் பாக்குறான். தீபாவளி புக்குல ஒரு கைக்குழந்தை சாகணும். யாரும் தொடாத இடம்மா அது." "தொடாததுக்குக் காரணம் இருக்கும்லா தம்பி." "அதனாலதான் நாம தொடணும். முடியலேன்னா சொல்லுங்க, மரியாதையா மகிமைதாஸுக்குக் கும்பிடு போட்டு சீரிஸை முடிச்சுக்கலாம். காலைல கூப்பிடுறேன், ஒரு வார்த்தை." ஒரு வார்த்தையாம். கசாப்புக்காரன் மாதிரி கேட்கிறான், துண்டாகவா, கொத்தாகவா. முடித்துவிட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில். கோமு தொண்ணூறு நாள் கழிந்தால் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் செருப்புக் கழற்றாமல் நடமாடின ஒரே ஆம்பிளை மகிமைதாஸ். காலையில் காபி ஆற்றும்போது வாசலில் நிற்பார். வேர்வை உப்புப் பூத்த கறுப்புக் கோட்டு, காதோரம் நரை, கையில் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற கருவி. அதைச் சும்மா அமுக்கிக்கொண்டே இருப்பார். கிரிச், கிரிச். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் அவளுக்குத் தூக்கம் வராது.

வடிவுக்கு ஒரு பழக்கம், அதைச் சொன்னால்தான் அவள் பயம் உங்களுக்குப் புரியும். கையால் செய்து பார்க்காத கொலையை அவள் எழுதியதே இல்லை. ஒருத்தனைக் கிணற்றில் தள்ள வேண்டுமானால் முதலில் ஒரு பலாப்பழத்தைத் தள்ளுவாள். விழுகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறதா என்று அடுத்த வீட்டிலேயே போய்க் கேட்பாள். ஈரச்சாக்கில் பூசணிக்காயைக் கட்டி அரிவாளால் குத்துவாள். குத்துவதைவிட உருவுவதற்குத்தான் பலம் வேண்டும் என்பது அப்படித் தெரிந்ததுதான். அரிசி மூட்டைக்குக் கழுத்து வைத்துக் கட்டி அதைக் கொடிக்கயிற்றால் இறுக்கி, கயிறு எங்கே சதையில் பதியும், எங்கே வழுக்கும் என்று பார்ப்பாள். தலையணையைத் தன் முகத்தில் தானே அமுக்கி, காதுக்குள் வண்டு இரைந்து, கண்ணுக்குள் மஞ்சள் பூத்து, விலக்கலாம் என்று கை நினைத்த பிறகும் கொஞ்ச நேரம் விலக்காமல் கிடந்திருக்கிறாள். கறிக்கடை சுலைமானிடம் போய், கழுத்தில் எந்த இடத்தில் வெட்டினால் சத்தம் வராது என்று கேட்டாள் ஒரு தடவை. "ஆட்டுக்குச் சொல்லவா அக்கா, ஆளுக்குச் சொல்லவா" என்றான். அவன் கடைக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்லுவான், அக்கா கறி வாங்க வரமாட்டாவ, விசாரணைக்கு வருவாவ என்று. எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயம்தான். ஆனால் கை படித்ததை மறக்குமா. தலையணையை வெயிலில் காயப்போடப் போனால் கை அதை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் போடுகிறது. பூக்கட்ட நாரை எடுத்தால் சுருக்கு விழுகிறது. மனசு வேறெங்கோ இருக்கும். கை தன்பாட்டுக்கு ஒத்திகை பார்க்கும். நேற்றுத் தணிகாசலம் அந்த வார்த்தையைச் சொல்லி போனை வைத்த நிமிஷத்திலிருந்து இந்தக் கை சும்மா இல்லை. அவள் முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கையோ எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தது.

எண்ணெயைத் தலைக்குக் கொண்டுபோனாள். உச்சிக்குழி. இசக்கியம்மா அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒற்றை விரலால் பூப்போலத் தட்டுவாள். வடிவு விரலை வைத்தாள், விரலுக்குக் கீழே துடித்தது. மண்டையோடு மூடாத இடம். தோல் மட்டும்தான் காவல். லொப், லொப், லொப். சாமி, இப்படியா திறந்துபோட்டு அனுப்புவார்கள், பெட்டியைப் பூட்டாமல் ரயிலில் ஏற்றிவிட்ட மாதிரி. விரலை எடு. எடுத்தாள். அவள் கொன்றவர்களின் மண்டைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. உலக்கையால் உடைந்தது, அம்மிக்குழவியால் உடைந்தது, தண்டவாளத்துக் கல்லில் மோதி முட்டை ஓடு மாதிரி ஒருபக்கம் உள்வாங்கினது. எழுதும்போது எவ்வளவு ருசியாக எழுதினோம். மூளை தெறித்துச் சுவர்க் காலண்டரில் ஒட்டியது என்று எழுதிவிட்டு, எழுந்துபோய் ரசம் தாளித்தாள் அன்றைக்கு. அது கொழுத்த மண்டை, அது வேறு. அதற்கெல்லாம் பாவம் இல்லை. ஏன் இல்லை. ஏன் என்றால் அவர்கள் எல்லோரும் டயர் செருப்புப் போட்டவர்கள். வாசகர்களில் ஒருத்தர்கூட இதைக் கண்டுபிடித்ததில்லை; எஸ்டேட் முதலாளியோ வட்டிக்காரனோ கோயில் தர்மகர்த்தாவோ, இவள் கதையில் செத்துக் கிடக்கிற எவன் காலிலும், இல்லாவிட்டால் அவன் கட்டிலுக்கு அடியிலாவது, ஒரு ஜோடி டயர் செருப்பு இருக்கும். மகிமைதாஸ் மட்டும் அதைக் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு இவளைப் பார்ப்பார்.

பிள்ளை கையை உதறியது. வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு காலில் ஊற்றினாள், வயிற்றில் ஊற்றினாள். மூச்சை இழுத்துப் பிடித்து, உடம்பெல்லாம் சிவந்து, அப்புறம் ஒரு வீறல். அழு அழு, அழுதால் நல்லது, அழுகிறது என்றால் இருக்கிறது என்று அர்த்தம். ரயில் ரோட்டில் செங்கோட்டை பாசஞ்சர் வருகிற அதிர்வு பலகைக்கு அடியில் தெரிந்தது. சின்னவயசில் ஒரு நாள் அவள் ஏறினதும் இதே வண்டிதான். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், முந்தானையால் இடது காதைப் பொத்திக்கொண்டு. அப்பா எதிரே. டயர் செருப்பை ஆட்டிக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஸ்டேஷனுக்கு வருகிற வழியில், வண்டிப்பேட்டைச் சந்தில் வைத்துத்தான் அந்தக் காதைக் கம்மலோடு பிடித்து இழுத்தார். கம்மல் கையோடு வந்துவிட்டது, காது இரண்டு இதழாகத் தொங்கியது. என்ன பேசினாள் அம்மா, எதற்கு, ஞாபகம் இல்லை. காது மட்டும்தான் ஞாபகம். வடிவு அரை டிக்கெட். நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தர் வந்தார். டிக்கெட் கேட்டார். அப்பா நீட்டினார். நீட்டின கையில் சட்டை ஓரத்தில் ரத்தம். அந்தக் கோட்டுக்காரர் ரத்தத்தைப் பார்த்தார். அம்மா கையைப் பார்த்தார், விரலிடுக்கில் கசிந்தது. வடிவு முகத்தைப் பார்த்தார். ஒரே பார்வை, மூன்று இடம், எல்லாம் தெரிந்துபோயிற்று அவருக்கு. அவருக்குத் தெரிந்துபோயிற்று என்பது இவளுக்கும் தெரிந்தது. இனி ஏதோ நடக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிரிச். ஓட்டை போட்டார். டிக்கெட்டைக் கொடுத்தார். அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அப்படிப் போனவரைத்தான் பிடித்து இழுத்துவந்து மகிமைதாஸ் ஆக்கினாள். பார்த்தும் பேசாமல் போனவரை, பார்த்தால் விடாதவர் ஆக்கினாள். கொலைகாரன் முன்னால் போய் உட்காருவார், டிக்கெட் கேட்கிற அதே குரலில் ஒரே கேள்வி கேட்பார்: "எங்க ஏறினீங்க?" எந்த இடத்தில் அந்தக் கோபம் ஏறியது என்று கேட்கிறார். கொலைகாரன் உடைந்து சொல்லத் தொடங்குவான். ஆனால் பாருங்கள், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன, எல்லாக் கதையிலும் பிந்தித்தான் வருவார். பிணம் விழுந்தால்தான் அவருக்கு வேலை. ஓடுகிற வண்டியை நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது. அபாயச் சங்கிலியை இழுக்கிறவனைக் கண்டாலே எரிந்து விழுவார். ஒரு கதையில் கொலைகாரன் வெளியே குதித்து ஓடுகிறான், பெட்டியே எழுந்து நின்று செயினை இழுங்க சார் என்கிறது. "செத்தவன் செத்தாச்சு, வண்டி நேரத்துக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு ஓட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வடிவுக்கும் பிடித்துத்தான் எழுதினாள். அப்பாவையும் யாரும் நிறுத்தவில்லை, அவளும் அப்படித்தானே விட்டாள். கட்டிலில், மருந்து வாசனையில், அம்மா கையால் கஞ்சி குடித்துவிட்டு, நிம்மதியாக உறங்கினபடியே செத்துப்போனார். அம்மா இரண்டு இதழான காதோடு அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வடிவு நின்று பார்த்தாள். களவு போன மாதிரி இருந்தது. ஏழு வயசிலிருந்து கதவிடுக்கில் நின்று அவரைக் கொல்ல அவள் சேர்த்துவைத்த அத்தனை வழியும், அரிவாளும் கயிறும் கிணறும், ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. அப்புறம் என்ன, மாதம் ஒரு தடவை கொன்றாள். நெஞ்சைப் பிளந்தாள், ஆசிட் தொட்டியில் இறக்கினாள், தண்டவாளத்தில் கட்டிப் போட்டாள். மாசாமாசம் அவர் புதுப் பேரோடு எழுந்து வந்தார், அதே செருப்போடு.

பயத்தமாவை எடுத்து மார்பில் குழைத்தாள், அக்குளில், தொடை மடிப்பில். பிள்ளையைக் குப்புறத் திருப்பினாள். முதுகு. நடுவில் மணி கோத்த மாதிரி எலும்பு. இந்த முதுகுக்குச் செருப்பு கிடையாது. இது யார் காதையும் அறுக்கவில்லை. இதைக் கொன்றால் அந்தக் கோட்டுக்காரர் வந்து எங்க ஏறினீங்க என்று யாரைக் கேட்பார்? என்னைத்தான் கேட்பார். முடியாது தணிகாசலம், முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் மகிமைதாஸ் போய்விடுவார். போகட்டும். போகக் கூடாது. மாவு கழுவ வாளியில் செம்பை விட்டாள், செம்பு தரையைத் தட்டியது. விளாவின தண்ணீர் தீர்ந்திருந்தது. பக்கத்தில் அண்டாவில் ஆவி. புதிதாக விளாவ வேண்டும். அந்த ஆவியைப் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் கதை வந்துவிட்டது.

வருஷக்கணக்காக எழுதுகிறவர்களுக்குத்தான் அது தெரியும், தேடாமல் வருகிற கதை. குளிப்பாட்டு. ஆமாம். விஷம் வேண்டாம், தலையணை வேண்டாம். ஊரறிய, பட்டப்பகலில், பெற்றவள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே. குளிப்பாட்டுகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்? விளாவ மறந்துட்டேனே பாவி என்று மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், ஊரே அவளைத் தேற்றும், பெற்றவளே தேற்றுவாள். ஆயுதம் எது? வெந்நி. மண்ணில் ஊறிப் போய்விடும், தடயமே கிடையாது. ஐயோ, என்ன அழகு. வடிவுக்கு வயிற்றுக்குள் கதகதவென்று ஒரு சந்தோஷம் பரவியது, இத்தனை கதையிலும் இப்படி ஒன்று விழுந்ததில்லை, தணிகாசலம் துள்ளிக் குதிப்பான். மகிமைதாஸ் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? ஒரு சின்னத் துப்பு வேண்டும். மறதி இல்லை, தெரிந்தே செய்தாள் என்பதற்கு ஒரு துப்பு. என்ன அது, என்ன, கொதிக்கிற அண்டாவில் பித்தளைச் செம்பை விட்டு மொண்டால் செம்பு சுடும். வெறுங்கையால் பிடிக்க முடியாது. ஆகையால் எதையாவது சுற்றிப் பிடிப்பாள். எதை? குளிப்பாட்ட உட்கார்ந்தவளுக்குக் கைக்கு எது எட்டும்? முந்தானை. முந்தானையைச் சுற்றிப் பிடிப்பாள், செம்பைச் சாய்த்து விடுவாள், அமிழும், நிறையும், தூக்குவாள், இப்படி, தோளுக்கு நேராக, இடது கையால் பிள்ளையின் இடுப்பை அமுக்கிக்கொண்டு.

கிரிச் என்று ஒரு சத்தம். புறவாசல் கதவு நிலையில் மகிமைதாஸ் நின்றார். இத்தனை சீக்கிரம் அவர் வந்ததே இல்லை. வடிவுக்குக் கோபம்கூட வந்தது. இன்னும் யாரும் சாகவில்லையே, நீங்கள் எதற்கு இப்போது, நாலாம் அத்தியாயத்தில் வந்தால் போதுமே. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். பிள்ளையின் முதுகைப் பார்த்தார். ஒரே பார்வை. அப்புறம் டிக்கெட் கேட்கிற குரலில் கேட்டார்: "செம்பை ஏன் முந்தானையால பிடிச்சிருக்கீங்க, வடிவு?"

அவள் தன் கையைப் பார்த்தாள். நிஜக் கை. நிஜ முந்தானை, சுருட்டிச் செம்பின் கழுத்தைச் சுற்றியிருந்தது. செம்பிலிருந்து வந்த ஆவி அவள் தாடையை நனைத்தது. செம்பு சாயத் தொடங்கியிருந்தது. விளிம்பில் தண்ணீர் வந்து திரண்டு நின்றது, அதற்கு நேர் கீழே மாவு பூசின முதுகு. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் கால் தோலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஊற்று என்று கை சொன்னது. பாதி சாய்த்தாயிற்று, நிறுத்த முடியாது என்றது. கையும் மணிக்கட்டும் ஒரே போக்காகப் போய்க்கொண்டிருந்தன, இறக்கத்தில் விட்ட வண்டி மாதிரி. அந்தப் போக்கு எப்படி நின்றது என்று அவளுக்கு அப்போது தெரியாது. என்னமோ ஒன்று தோள்பட்டையில் வெடுக்கென்று இழுத்த மாதிரி, உடம்பு முழுக்கக் கிரீச்சென்று குலுங்கினது. கை வெளிப்பக்கமாகத் திரும்பியது. கொதிவெந்நி முழுக்க அவளுடைய வலது பாதத்தில் கொட்டியது. செம்பு கல்லில் விழுந்து உருண்டுபோய் அடுப்பில் முட்டி நின்றது. கத்தக் கூடாது, கத்தினால் கால் உதறும், கால் உதறினால் பிள்ளை விழும். கீழுதட்டைக் கடித்தாள், பல் இறங்கியது, உப்பாக ஒழுகியது. பாதத்தில் தோல் உரியுதா வேகுதா தெரியவில்லை, யாரோ அங்கே அரிவாளை வைத்து உருவிக்கொண்டே இருக்கிற மாதிரி. காலை அசைக்கவில்லை. பிள்ளை அந்தக் காலின் மேலேயே கொட்டாவி விட்டது.

"என்ன சத்தம் பெரியம்ம?" கோமு கதவுக்கு வந்துவிட்டாள்.

"செம்பு விழுந்துட்டு."

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீ வா. அந்த வாளியில தண்ணிய விளாவு. முழங்கைய விட்டுப் பாரு. ரெண்டு தடவை பாரு. நான் பிடிச்சுக்கிடுதேன், நீ ஊத்து."

கோமு மெல்ல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளாவினாள். அப்போதுதான் பாதத்தைப் பார்த்தாள். "பெரியம்ம, காலு வெந்து கெடக்கு. உதட்டுல ரத்தம். என்ன செஞ்சிய?"

"யோசனையில இருந்துட்டேன்."

"நான் சொன்னேன்லா."

"நீ சொன்னது சரிதான். இனிமே நான் தனியா இருக்கையில பிள்ளைய என் கையில தராத. இசக்கியம்மா வரட்டும், இல்லேன்னா இப்படி ரெண்டு பேருமா. என்ன நான் கோவிச்சாலும் தராத. கேட்டியா?"

கோமு கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள் பெரியம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள். முதுகில் ஊற்றினாள். மாவு கரைந்து மணிமணியாக எலும்பு தெரிந்தது. முழுசான முதுகு, சிவப்புக்கூட இல்லை. வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு நிலையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கொடியில் கோமுவின் சேலை மட்டும் ஆடியது.

பிள்ளையைத் துவட்டி, சாம்பிராணி காட்டி, கோமு பால் கொடுக்கப் போன பிறகு, வடிவு பாதத்தைத் தண்ணீர்ப் பானைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. போன் அடித்தது.

"யோசிச்சீங்களாம்மா?" என்றான் தணிகாசலம்.

"யோசிச்சேன். உனக்கு ஒரு கதை கிடைச்சுது. நீ கேட்ட மாதிரியே. இதுவரைக்கும் நான் எழுதினதுலயே கெட்டிக்காரக் கதை."

"அப்படிப் போடுங்க."

"அதை எழுதப்போறதில்ல. யாருக்கும் சொல்லவும் போறதில்ல. சீரிஸ முடிச்சுக்கிடுவோம் தம்பி."

"கோவமாம்மா? குழந்தை வேணாம்னா விடுங்க, பழையபடி எவனாவது கிழவனைப் போட்டுத் தள்ளுவோம்."

"அவனைத் தள்ளித் தள்ளி எனக்குக் கை கெட்டுப்போச்சு. ஒரு கடைசிப் புஸ்தகம் எழுதித் தாரேன். அதோட சரி."

"அப்ப மகிமைதாஸைக் கொன்னுடுறீங்க. பரவால்ல, அதுவும் ஓடும். எப்படிச் சாகுறார்? கத்தியா, புல்லட்டா?"

"அவரு சாகல. இறங்குதாரு."

"எந்த ஸ்டேஷன்ல?"

"ஸ்டேஷன்ல இல்ல."

"பொணம் யாரு?"

"பொணமே கிடையாது."

தணிகாசலம் சிரித்தான். "பொணம் இல்லாம மகிமைதாஸ் வந்து என்னம்மா பண்ணுவார்?"

பானைத் தண்ணீருக்குள் பாதம் விண்விண்ணென்று தெறித்தது. வடிவு கண்ணை மூடினாள், கடைசிப் புஸ்தகம் கண்ணுக்குள் ஓடத் தொடங்கியது. செங்கோட்டை பாசஞ்சர் போய்க்கொண்டிருந்தது, ஜன்னலோரம் முந்தானையால் காதைப் பொத்தின ஒருத்தி, எதிரே டயர் செருப்பை ஆட்டிக்கொண்டு கடலை உரிக்கிற ஒருத்தன், நடுவில் நிற்கிற அரை டிக்கெட். கறுப்புக் கோட்டுக்காரர் வந்தார், அவன் டிக்கெட்டை நீட்டினான். அவர் சட்டை ஓரத்து ரத்தத்தைப் பார்த்தார், விரலிடுக்கைப் பார்த்தார், பிள்ளை முகத்தைப் பார்த்தார். டிக்கெட்டை வாங்கவில்லை. "வீட்டுக்குப் போய் இவளை மிச்சமும் முடிச்சிடலாம்னு இருக்கீங்க" என்றார் அவனிடம், மெல்லத்தான் சொன்னார், அவன் வாயில் கடலை அப்படியே நின்றது. யாரும் இன்னும் சாகவில்லை. வண்டி முழு வேகத்தில் இருந்தது, வெளியே வயலும் வரப்பும் பின்னால் ஓடின. ஓட்டை போடுகிற கருவியை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார், கோட்டுக் கையை மேலே தள்ளி விட்டுக்கொண்டார், பலகைமேல் ஒரு காலை வைத்து ஏறி, தன் கனம் முழுவதையும் போட்டுத் தொங்கி, அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்.